மூன்றாம் அத்தியாயம்: விஞ்ஞானத்தின் முதற்பாடத்தை வகுக்கும் முறை

ஆறாம் வகுப்பில் வந்து அமரும் மாணாக்கருக்கு ஜூன் மாதத்தில் நடத்தப்பெறும் முதல் விஞ்ஞான பாடம், எட்டாம் வகுப்பு முடியும் வரையில் அவர்கள் அந்தச் சாஸ்திரத்தை எத்தகைய மனோபாவத்துடன் அணுகப் போகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயித்து விடுகிறது. முதல் நாளிலேயே "விஞ்ஞானம் என்றால் என்ன?" என்ற வினாவை எழுப்பி, அதற்குரிய வரையறையைத் தாமே கரும்பலகையில் எழுதி, அதைப் பிழையின்றிப் படியெடுக்கச் செய்து, மறுநாள் ஒப்புவிக்கவும் பணிக்கும் ஆசிரியர், வரையறையைக் கற்பித்தாரோ இல்லையோ, வேறொன்றை மிக உறுதியாகக் கற்பித்து விடுகிறார், பெரியவர் சொல்வதைச் சிறியவர் எழுதிக்கொள்வதே விஞ்ஞானம் என்பது அது. இந்த எண்ணம் ஒரு முறை பதிந்துவிட்டால், பிற்பாடு எத்தனை உபகரணங்களைக் கொண்டுவந்து மேசைமேல் அடுக்கினாலும் அதை அகற்றுவது எளிதன்று.

ஆகவே முதற்பாடத்தில் எவ்வளவு விஷயத்தைச் சொல்லி முடிக்கலாம் என்று கணக்கிடுவதைவிட, எந்த ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைக்கலாம் என்று ஆலோசிப்பதே உசிதமாகும். அந்த ஆலோசனைக்கு உருவம் கொடுக்கும் பொருட்டு, 45 நிமிஷம் கொண்ட ஒரே ஒரு பாடவேளையை, மெழுகுவத்தி என்னும் ஒரே ஒரு பொருளைக் கொண்டு எவ்வாறு அமைக்கலாம் என்பதை இந்த அத்தியாயத்தில் ஆதியோடந்தமாக விவரிப்போம்.

1. நோக்கத்தை நிர்ணயித்தல்

அறிவு நமக்கு எவ்வழிகளில் வந்து சேருகிறது என்பதை நம் நாட்டுத் தருக்க நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். மணிமேகலையில் பல சமயவாதிகளும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் பகுதியிலும், சைவ சித்தாந்த சாஸ்திரங்களிலும், அளவை என்னும் பெயரால் இவ்வாராய்ச்சி இடம்பெற்றிருக்கிறது. அளவைகளின் எண்ணிக்கையில் கட்சிக்குக் கட்சி வேறுபாடு உண்டாயினும், காண்டல், கருதல், உரை என்ற மூன்றும் அவற்றுள் தலைமையானவை. புலன்களால் நேரே அறிவது காண்டல். மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை.

பதினொரு வயதுப் பிள்ளையின் மனத்தில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எரிகிற மெழுகுவத்தியைக் காட்டி, "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டால், "சுடர் மஞ்சளாக இருக்கிறது" என்று ஒருவன் சொல்வான், "மெழுகு உருகி வழிந்து வீணாகிறது" என்று மற்றொருவன் சொல்வான், "பிராண வாயு எரிகிறது" என்று மூன்றாமவன் சொல்வான். முதலாவது கண்டது; இரண்டாவது கண்டதோடு கருதியதையும் சேர்த்துச் சொன்னது; மூன்றாவது எங்கோ கேட்டது. மூன்றையும் ஒரே குரலில், ஒரே உறுதியுடன் சொல்லும் பிள்ளைகளை, அவை மூன்றும் வெவ்வேறு தராதரமுள்ளவை என்று உணரச் செய்வதே முதற்பாடத்தின் நோக்கம். பாடக்குறிப்பின் தலைப்பில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதுக. மெழுகுவத்தியைப் பற்றிய உண்மைகளைக் கற்பிப்பது இந்தப் பாடவேளையின் நோக்கத்தில் சேராது. அவை பின்னர் உரிய இடத்தில் வரும்.

2. பொருளைத் தேர்ந்தெடுத்தல்

முதற்பாடத்துக்கு ஏற்ற பொருளுக்குச் சில லட்சணங்கள் உண்டு. அது ஒவ்வொரு குழுவின் கையிலும் கொடுக்கக்கூடிய அளவுக்கு மலிவாயிருத்தல் வேண்டும். எல்லா வீட்டிலும் இருப்பதாயும், ஆனால் எவரும் நின்று நோக்காததாயும் இருத்தல் வேண்டும். பாடவேளைக்குள்ளேயே கண்முன் மாறிக்கொண்டிருத்தல் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புலப்படக்கூடிய வாயிற்படிகளை உடையதாய், பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் உள்ளே அழைத்துச் செல்லும் ஆழமும் பெற்றிருத்தல் வேண்டும். இத்தனை லட்சணங்களும் ஒருங்கே அமைந்த பொருள் மெழுகுவத்தி.

இந்தத் தேர்வுக்குச் சிறந்த முன்னோடி ஒருவர் உண்டு. லண்டன் நகரத்தில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் ஸ்தாபனம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியர்க்கென விஞ்ஞானப் பிரசங்கங்களை நடத்தும் வழக்கத்தை 1825இல் ஏற்படுத்தியது. கொல்லர் ஒருவருடைய மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராய் இருந்து, தாம் கட்டிய புத்தகங்களைப் படித்தே சாஸ்திரத்தில் ஆர்வம் கொண்ட மைக்கேல் பாரடே, அந்த மேடையில் 19 தொடர்களை நிகழ்த்தினார். மின்சாரத்திலும் காந்தத்திலும் உலகப் புகழ் பெற்றிருந்த அம்மேதை, 1848இல் ஒரு தடவையும், தம் 69ஆம் வயதில், 1860ஆம் ஆண்டு முடிவில் மறுபடியும், மெழுகுவத்தி ஒன்றையே விஷயமாகக் கொண்டு குழந்தைகளிடம் பேசினார். பின்னதில் அமைந்த ஆறு பிரசங்கங்களையும் வில்லியம் குரூக்ஸ் 1861இல் நூலாக வெளியிட்டார். பெரிய விஷயத்தைத் தொடங்கச் சிறிய பொருளே போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவின் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு ஸ்தாபனங்களின் முயற்சியால், 1972இல் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு தாமே பரிசோதனை செய்து கற்க இயலும் என்பதை முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டிற்று. ஆய்வுக்கூடம் இல்லை என்பது முதற்பாடத்தை ஒத்திவைக்கத் தக்க காரணமாகாது.

3. ஆசிரியரின் ஆயத்தம்

பாடம் நடத்துவதற்கு முந்தின மாலையில் ஆசிரியர் தம் வீட்டில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, கால் மணி நேரம் அதன் முன் அமர்ந்து, கண்டவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். எழுதிய பின்னர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது நான் கண்டதா, கருதியதா, படித்ததா என்று தம்மையே வினவுதல் வேண்டும். மாணாக்கருக்கு விதிக்கப்போகும் பயிற்சியை ஆசிரியர் முதலில் தாம் செய்து பார்ப்பதைவிடச் சிறந்த ஆயத்தம் வேறில்லை.

சாவதானமாக நோக்கும் கண்ணுக்குப் புலப்படுவன இவை. திரியைச் சுற்றி உருகிய மெழுகு ஒரு கிண்ணம்போல் தேங்கி நிற்கும்; அந்தக் கிண்ணத்தின் விளிம்பு உருகாமல் இருக்கும். சுடரின் அடிப்பாகம் நீலமாயும், திரியை ஒட்டிய உட்பகுதி ஒளி குன்றிக் கருமை சார்ந்தும், அதற்கு மேல் உள்ள பெரும்பகுதி மஞ்சளாய் ஒளிர்ந்தும் தோன்றும். திரியின் நுனி வளைந்து, சுடரின் ஓரத்துக்கு வெளியே நீட்டிச் செந்நிறமாகக் கனன்று கொண்டிருக்கும். ஒரு கரண்டியின் அடிப்புறத்தை மஞ்சள் பகுதியில் சற்றே காட்டினால் கரி படியும். குளிர்ந்த, ஈரமற்ற கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துச் சுடருக்கு மேலே சிறிது நேரம் பிடித்தால், உட்புறத்தில் மங்கலாக ஆவி பூத்து மறையும்.

பின்வரும் பொருள்களைச் சேகரித்து வைத்துக்கொள்க. நாற்பது பேர் கொண்ட வகுப்பை ஐவர் ஐவராக எட்டுக் குழுக்களாக்கினால், ஒரே உயரமுள்ள எட்டு மெழுகுவத்தித் துண்டுகள்; அவற்றை நிறுத்த மணல் பரப்பிய எட்டுத் தட்டுகள்; ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கண்ணாடி டம்ளரும், அதைவிடப் பெரியனவாக ஊறுகாய்ப் புட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில் போன்ற அகன்ற வாயுள்ள இரண்டு புட்டிகளும்; விநாடி முள்ளுள்ள கடிகாரம் ஒன்று; ஒரே ஒரு தீப்பெட்டி. புட்டிகளைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்யலாம்.

நெருப்பைக் கையாளும் பாடமாதலால் பாதுகாப்பில் அசிரத்தை கூடாது. தீப்பெட்டி ஆசிரியரின் கையில் மட்டுமே இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளின் பின்னலும் ரிப்பனும் முதுகுப்புறம் கட்டப்பெற்றிருக்கட்டும். துப்பட்டாவின் முனைகளை முடிந்துகொள்ளட்டும். நைலான் போன்ற செயற்கை இழைத் துணிகள் எரிந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறத்தலாகாது. ஒரு வாளித் தண்ணீரும், ஒரு வாளி மணலும், நனைத்த சாக்கு ஒன்றும் அருகில் இருத்தல் அவசியம். எவருக்கேனும் சிறு தீப்புண் நேர்ந்தால், மையையோ பற்பசையையோ தடவாமல், ஓடுகிற குளிர்ந்த நீரில் இருபது நிமிஷம் வரை அவ்விடத்தைக் காட்டுவதே முறையான முதலுதவி. பிறகு மருத்துவரிடம் காட்டலாம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவை, தென்காசி முதலிய ஊர்களில் ஜூன் மாதத்து மேல்காற்று பலமாக வீசும். ஆடும் சுடரில் எதையும் நிதானமாகக் காண முடியாது. மின்விசிறியை நிறுத்தி, காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, ஒவ்வொரு தட்டையும் சுற்றி மூன்று பக்கம் புத்தகங்களை நிறுத்தினால் சுடர் அசையாமல் நிற்கும். ஆனால் தாளின் ஓரம் சுடரை அணுகாதவாறு ஒரு முழ இடைவெளி விடுக.

4. காலப் பங்கீடு

ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் நெடுங்காலம் பயின்று வந்த பாடக்குறிப்பு முறை, ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட் என்பாரின் கருத்துகளிலிருந்து அவருடைய சீடர்கள் வகுத்த ஐந்து படிகளைத் தழுவியது. அப்படிகளில் ஆயத்தம் முதலிலும், ஆசிரியர் விஷயத்தை எடுத்துரைத்தல் அதற்கடுத்தும், பொது விதியும் அதன் பிரயோகமும் கடைசியிலும் வருகின்றன. வரலாற்றுக்கோ இலக்கியத்துக்கோ அது பொருந்தலாம். ஆனால் இந்த முதற்பாடத்தில் எடுத்துரைத்தல் என்னும் படியை ஆசிரியர் முற்றிலும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் மாணாக்கரின் கண்ணையும் கையையும் அமர்த்துதல் வேண்டும். பங்கீடு வருமாறு:

முதல் 5 நிமிஷம்: மெழுகுவத்தியைக் காணாமல், நினைவிலிருந்து சுடரை வரைதல்.
அடுத்த 10 நிமிஷம்: ஏற்றிய மெழுகுவத்தியை நோக்கி எழுதுதலும் மறுபடி வரைதலும்.
அடுத்த 10 நிமிஷம்: எழுதியவற்றை மூன்று பத்திகளாகப் பிரித்தல்.
அடுத்த 5 நிமிஷம்: அணைத்த சுடர் மீண்டும் பற்றும் பரிசோதனை.
அடுத்த 10 நிமிஷம்: டம்ளரால் மூடும் பரிசோதனை.
கடைசி 5 நிமிஷம்: ஒவ்வொருவரும் ஒரு வினா எழுதித் தருதல்.

5. வகுப்பில் நடைபெறுவது

முதலில் எதையும் காட்டாமல், எரியும் மெழுகுவத்தியின் படத்தை வரையச் சொல்லுக. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நீள்துளியை வரைந்து, அதற்கு மஞ்சளோ சிவப்போ பூசி, திரியை நேராக நிறுத்தி விடுவார்கள். அந்தத் தாளை மூடி வைக்கச் செய்து, பிறகு மெழுகுவத்திகளை ஏற்றிக் குழுக்களுக்கு நடுவே வைத்து, பேசாமல் நோக்கி, கண்டவற்றை எழுதி, இரண்டாவது படம் வரையச் சொல்லுக. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கணத்தில், தினந்தோறும் கண்ட பொருளைத் தாங்கள் கண்டதே இல்லை என்பதை ஆசிரியர் வாய் திறவாமலே அவர்கள் உணர்வார்கள்.

மூன்றாம் பகுதியே இப்பாடத்தின் உயிர்நிலை. கரும்பலகையில் கண்டது, கருதியது, கேட்டது என்று மூன்று பத்திகள் வரைந்து, ஒவ்வொரு குழுவும் சொல்லும் வாக்கியம் எந்தப் பத்தியில் சேரும் என்பதை வகுப்பே தீர்மானிக்கும்படி விடுக. பேச்சு ஏறத்தாழ இவ்வாறு செல்லும்:

"சார், சுடர் மஞ்சளா இருக்கு."

"எல்லா இடத்திலுமா, தம்பி?"

"இல்லே சார், அடியிலே நீலமா இருக்கு. திரிகிட்டே ஒரு நிறமும் இல்லே, இருட்டா இருக்கு."

"நல்லது, கண்டதில் எழுதுவோம். வேறு யார்?"

"சார், ஆக்சிஜன் எரியுது."

"அதை நீ எங்கே பார்த்தாய், அம்மா?"

"பார்க்கலே சார். அக்கா புஸ்தகத்திலே இருந்துது."

"அப்படியானால் எதில் எழுதலாம்?"

"கேட்டதிலே சார்."

இந்த இடத்தில் ஆசிரியருக்கு ஒரு சோதனை ஏற்படும். பிராண வாயு தானே எரிவதில்லை, மெழுகின் ஆவி எரிவதற்கு அது துணை செய்கிறது என்று உடனே திருத்தத் தோன்றும். திருத்தாமல் இருப்பதே இன்று கடமை. அந்தப் பெண் தன் வாக்கியத்தைத் தானே உரிய பத்தியில் சேர்த்ததுதான் இன்றைய பாடத்தின் பயன்; வாக்கியத்தின் பிழையை அடுத்த வாரத்தில் பரிசோதனையே திருத்தும். கேட்டது என்ற பத்தியைத் தாழ்ந்ததாகப் பேசுதலும் கூடாது. பிறர் கண்டறிந்து சொன்னவற்றை ஏற்காமல் எந்தச் சாஸ்திரமும் வளர இயலாது. ஆயின் ஏற்றதை ஏற்றது என்று அறிந்து ஏற்றல் வேண்டும்.

நான்காம் பகுதியில், "எரிவது எது? திரியா, மெழுகா?" என்று கேட்டு, வகுப்பின் அபிப்பிராயங்களைக் கருதியது என்ற பத்தியில் குறித்துக்கொள்க. பின்னர் ஆசிரியர் ஒரு குழுவின் மெழுகுவத்தியைத் தம் மேசைமேல் வைத்து, மெல்ல ஊதி அணைத்து, திரியிலிருந்து எழும் வெண்புகையில், திரிக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், எரியும் தீக்குச்சியை உடனே காட்டுக. நெருப்பு அந்தப் புகை வழியே கீழே பாய்ந்து திரியைப் பற்றும். திரியைக் குச்சி தொடவே இல்லை என்பதை எல்லோரும் காணும்படி இரண்டு மூன்று தடவை செய்து காட்டுதல் வேண்டும். புகையென்று நாம் சொல்லும் அது, மெழுகின் ஆவி குளிர்ந்து நுண்துளிகளாய்த் திரண்டது. உருகிய மெழுகு திரியின் இழைகளினூடே ஏறி, வெப்பத்தால் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. இந்த விளக்கம் ஆசிரியர் மனத்தில் இருக்கட்டும். வகுப்பில் சொல்ல வேண்டுவது, "நீங்கள் கருதியவற்றுள் எது இப்பொழுது பலம் பெற்றது, எது பலம் இழந்தது?" என்பது மாத்திரமே. கருதியதைப் புதிதாகக் கண்டதன் முன் நிறுத்திச் சோதிக்கும் இந்த ஒரு செயலில் விஞ்ஞான முறை முழுவதும் அடங்கிவிடுகிறது.

ஐந்தாம் பகுதியில் அளத்தல் என்பது முதன்முதலாக நுழைகிறது. எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் சில விநாடிகளில் அணையும் என்பது பிள்ளைகள் பலருக்குத் தெரியும். பெரிய புட்டியால் மூடினால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டு, விடையை எழுதச் செய்து, பின்னரே செய்து பார்க்க விடுக. மூன்று பாத்திரங்களுக்கும் மும்மூன்று தடவை விநாடிகளை எண்ணிச் சராசரி காணுதல் வேண்டும். எண்கள் ஒரே மாதிரி வரவில்லையே என்று பிள்ளைகள் திகைத்தால், அளவைகள் அவ்வாறு சிதறுவது இயல்பே என்றும், அதனாலேயே ஒரு தடவை அளப்பது போதாது என்றும் எடுத்துரைக்க அது தக்க தருணம்.

இங்கே அனுபவமில்லாதவர் கவனிக்கத் தவறும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரு தடவை மூடி எடுத்த பாத்திரத்தில் எரிந்து கெட்ட காற்று தங்கியிருக்குமாதலால், தாளால் விசிறி நல்ல காற்றை நிரப்பிய பிறகே அடுத்த தடவை மூடுதல் வேண்டும்; இல்லையேல் இரண்டாம் அளவை குறைந்துவிடும். மெழுகுவத்தியின் உயரம் மாறினாலும் காலம் மாறும். சூடான வாயுக்கள் மேலே திரளுவதால், உயர்ந்த மெழுகுவத்தி முந்தி அணையக் கூடும். ஏதேனும் ஒரு குழுவின் எண்கள் மற்றவற்றோடு ஒவ்வாமல் நின்றால் அவற்றைப் பிழையென்று தள்ளாமல், இவ்விரு காரணங்களில் எது என்று அவர்களையே தேடச் செய்க. அந்தத் தேடல், சரியான எண்ணைப் பெறுவதைவிட மதிப்புடையது.

6. வினா எழுப்பும் முறை

எடுத்த எடுப்பில் "ஏன்?" என்று கேட்பது ஆறாம் வகுப்பில் பயன் தராது; அந்த வினா பிள்ளையை நேரே கேட்டது என்ற பத்திக்குத் துரத்திவிடும். எது, எங்கே, எப்பொழுது, எவ்வளவு என்ற வினாக்கள் கண்ணை வேலை வாங்குகின்றன; "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்ற வினா கருத்தை வேலை வாங்குகிறது, இவ்விரண்டிலும் பழகிய பின்னரே "ஏன்?" என்பதற்கு இடமுண்டு.

வினாவை எழுப்பிய பின் பொறுத்திருத்தலும் ஒரு கலை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ என்ற அம்மையார், விஞ்ஞான வகுப்புகளில் ஆசிரியர்கள் ஒரு வினாவைக் கேட்டுவிட்டுச் சராசரி ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அந்தக் காலம் மூன்று விநாடிகளுக்கு மேல் நீண்டால் விடைகள் நீளமாயும் தெளிவாயும் வருவதோடு, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையும் 1970களில் வெளியிட்டார். எந்தச் செலவும் இல்லாத இந்த உபாயத்தை நம் ஆசிரியர்கள் இன்றே கைக்கொள்ளலாம்.

7. விலக்க வேண்டிய ஒரு முடிவு

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தியை நிறுத்தி ஏற்றி, டம்ளரால் மூடினால், சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும் பரிசோதனை மிகப் பழையது. பைசான்டியம் நகரத்துப் பிலோ என்பவர் கிறிஸ்துவுக்கு முன்னரே இதை எழுதி வைத்திருக்கிறார். டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறுவதாகவும், எரிந்து தீர்ந்த பிராண வாயுவின் இடத்தை அது நிரப்புவதாகவும், ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராண வாயு என்றும் பல பாடப் புத்தகங்கள் இதிலிருந்து முடிவு கட்டிவிட்டன. காற்றில் சுமார் 21 சதவீதம் பிராண வாயு என்பது மெய்; ஆனால் இந்தப் பரிசோதனை அதை நிரூபிக்கவில்லை.

சுடர் பிராண வாயு முழுவதையும் உட்கொள்வதில்லை; அது ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் குறைந்த உடனேயே அணைந்து விடுகிறது. எரிந்ததன் விளைவாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகி, குறைந்த இடத்தின் ஒரு பகுதியை நிரப்புகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கிய காரணம் வேறு: டம்ளரைக் கவிழ்க்கும்போது சூடேறி விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிட, சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. இதைச் சோதிப்பதும் எளிது. தண்ணீரின் பெரும்பகுதி சுடர் எரியும்போது சிறிது சிறிதாக ஏறாமல், அணைந்த பின்னரே விரைந்து ஏறுவதைக் கவனித்தால் போதும். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை ஏற்றி மூடினால் தண்ணீர் முன்னிலும் உயர ஏறும். டம்ளரிலிருந்த பிராண வாயுவோ இரண்டு தடவையும் ஒன்றே.

இந்தப் பரிசோதனையை முதற்பாடத்தில் செய்ய வேண்டா. ஆனால் ஆண்டின் நடுவில், பாடப் புத்தகத்தின் கூற்றை ஒரு மாணாக்கன் கேட்டது என்ற பத்தியில் எழுதி, மூன்று மெழுகுவத்திகளால் அதைத் தானே சோதித்து மறுக்கும் நாள் வருமாயின், அந்த வகுப்பு விஞ்ஞான வகுப்பு என்ற பெயருக்கு முற்றிலும் தகுதி பெற்றுவிட்டது.

8. வீட்டுப் பணியும் மதிப்பீடும்

வீட்டுப் பணியாக, வீட்டிலுள்ள அகல் விளக்கை அதே முறையில் நோக்கி, மூன்று பத்திகளில் எழுதிவரச் சொல்லுக. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பதையும் வற்புறுத்துக. மெழுகுவத்திக்கும் நல்லெண்ணெய் விளக்குக்கும் பொதுவானவை எவை, வேறானவை எவை என்று அவர்களே வகைப்படுத்தட்டும். விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துக் கண்ணுக்கு மை கூட்டும் வழக்கம் அறிந்த பாட்டிமார் வீட்டில் இருந்தால், அதைக் கேட்டு எழுதிவரலாம். மஞ்சள் சுடரினுள் கரித்துகள்கள் கனன்று ஒளிர்கின்றன என்ற பிற்காலப் பாடத்துக்கு அது அரிய முன்னுரையாகும். திரியே இல்லாமல் எரியும் கற்பூரத்தை ஆசிரியர் அடுத்த பாடத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்த பாடத்துக்குச் சுண்ணாம்பு நீர் வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கலக்கி, இரவு முழுவதும் தெளிய விட்டு, மேலே உள்ள தெளிநீரை மட்டும் வடித்து எடுத்து மூடி வைத்தால் அது சித்தமாகிவிடும். கரியமில வாயு பட்டதும் பாலைப் போல் வெளுக்கும். கண்ணில் தெறித்தால் தீங்கு செய்யுமாதலால் அதை ஆசிரியரே கையாளுதல் வேண்டும்.

மதிப்பிடும்போது எத்தனை உண்மைகளை மாணாக்கன் அறிந்தான் என்று எண்ணாமல், அவன் வாக்கியங்களை உரிய பத்தியில் சேர்த்திருக்கிறானா என்று பார்க்க. ஹோஷங்காபாத் திட்டத்தில் பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுத அனுமதித்து, செய்முறைத் தேர்வும் வைத்தார்கள். மனப்பாடத்தை அளவுகோலாகக் கொள்ளாத பரீட்சையும் நடத்தக் கூடியதே என்பதற்கு அது அத்தாட்சி. கடைசி ஐந்து நிமிஷத்தில் சேகரித்த வினாக்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அந்தந்தப் பாடம் வரும்போது, வினாவைக் கேட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லியே தொடங்குக. தன் வினா ஒரு பாடத்துக்குக் காரணமாயிற்று என்று கண்ட பிள்ளை மறுபடியும் வினவும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் நீளமானது, காலம் குறைவு, அதிகாரிகள் பாடம் எத்தனை முடிந்தது என்றே கேட்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆயினும் வருஷத்தின் முதல் பாடவேளை ஒன்றையேனும் வரையறைக்கும் படியெடுத்தலுக்கும் கொடாமல், பிள்ளைகளின் கண்ணுக்குக் கொடுங்கள். கண்டதைக் கண்டது என்றும், கருதியதைக் கருதியது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்துச் சொல்லப் பழகிய ஒரு தலைமுறை, விஞ்ஞானத்தில் மட்டுமன்றி, பொதுவாழ்விலும் எளிதில் ஏமாறாது.